கேரவன் ஜன்னல் வியர்ப்பதை எப்படித் தடுப்பது? நான்கு விடைகளும் ஒரு கணக்கும்

குளிர்காலத்தில் கேரவனிலோ மோட்டார்ஹோமிலோ இரவு தங்கியவர்களின் காலை, துணியை எடுத்து ஜன்னலைத் துடைப்பதில் தொடங்குகிறது. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. அது வழிந்து அலுமினியச் சட்டத்தின் கீழ்விளிம்பில் தேங்கி, அங்கிருந்து சுவர்ப் பலகைக்குள்ளும் மெத்தையின் ஓரத்துக்குள்ளும் இறங்கிவிடுகிறது. சில வாரங்களில் ரப்பர் விளிம்பில் கரும்புள்ளிகளாகப் பூசணம் தலைகாட்டும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த வண்டிகள் பரவிய காலந்தொட்டு இதற்கு வழி கேட்கப்பட்டு வருகிறது. வழிகளும் சொல்லப்பட்டு வருகின்றன. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை என்பார் ஒருவர். திறந்தால் சூடு போய்விடும், இரட்டைக் கண்ணாடி போடு என்பார் இன்னொருவர். உள்ளே சமைக்காதே என்பது மூன்றாவது அறிவுரை. ஈரம் உறிஞ்சும் டப்பாவை மூலையில் வைத்தால் போதும் என்பது நான்காவது.

இந்த நான்கும் போட்டி விடைகளாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும், எங்கே தடுமாறுகிறது என்று இக்கட்டுரை பார்க்கிறது. நான்கையும் ஒரே கணக்கில் வைத்தால் காற்றோட்டமே அடித்தளம் என்பதும், மற்ற மூன்றும் அதன் சுமையைக் குறைக்கும் துணைகள் என்பதும் தெரியவரும் என்பது இதன் வாதம்.

கருத்து வேறுபாடு இல்லாத பகுதி

காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் நீராவி இருக்கிறது, குளிர்ந்த பரப்பில் படும்போது அது நீராகிறது என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அது எந்த வெப்பநிலையில் நீராகும் என்பதை அளக்கக் கற்றுக்கொண்டது 18ஆம் நூற்றாண்டில்தான். பிரான்சின் மோன்பெலியேயில் ஷார்ல் லெ ருவா 1751இல் இதை ஆராய்ந்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டால்டன், குளிர்ந்த ஊற்றுநீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, வெளிப்புறத்தில் பனி படிவது எந்த வெப்பநிலையில் நிற்கிறது என்று பார்த்து, ஆவி நீராகத் தொடங்கும் அந்த வெப்பநிலையை, அதாவது பனிநிலையைக் கணித்தார். இரவில் பரப்புகள் வெப்பத்தைக் கதிர்வீசிக் காற்றைவிடக் குளிர்ந்துபோவதால் பனி படிகிறது என்று வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் 1814இல் எழுதிய நூல் விளக்கியது.

கேரவனுக்கு இதிலிருந்து தேவைப்படுவது இரண்டு எண்கள்: உள்காற்றின் பனிநிலை, உள்ளே இருப்பதிலேயே குளிர்ந்த பரப்பின் வெப்பநிலை. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. 20 டிகிரியில் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடாக உள்ள காற்றின் பனிநிலை 9 டிகிரியைச் சற்றே தாண்டும். அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் நனையும். வண்டியில் ஜன்னல் முதலில் நனைவதற்குக் காரணம், பொதுவாக அதுவே மிகக் குளிர்ந்த பரப்பாக இருப்பதுதான். இதுவரை எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். காற்றின் ஈரத்தைக் குறைப்பதா, பரப்பின் சூட்டைக் கூட்டுவதா என்று கேட்கும்போதுதான் பாதைகள் பிரிகின்றன.

முதல் விடை: ஈரத்தை உண்டாக்காதே

மிக மலிவான அறிவுரை இது. சமைக்கும்போது பாத்திரத்தை மூடு, ஈரத்துணியை உள்ளே உலர்த்தாதே, குளித்ததும் குளியலறைச் சுவரை வழித்து விடு என்ற பட்டியலை எல்லாரும் அறிவார்கள். இந்தப் பட்டியலில் அடிக்கடி விடுபட்டுப்போவது அடுப்புச் சுடர். புரொப்பேன் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. 44 கிராம் புரொப்பேன் எரிந்தால் 72 கிராம் நீர் பிறக்கும். அதாவது ஒரு கிலோ வாயுவுக்கு ஏறக்குறைய 1.6 லிட்டர். பியூட்டேனும் கிட்டத்தட்ட அப்படியே. பாத்திரம் மூடியிருந்தாலும் சுடரிலிருந்து வரும் ஆவி அறைக்குள்தான் சேர்கிறது.

இந்த விடையின் உண்மையான பலம் ஹீட்டர் தேர்வில் தெரிகிறது. வண்டியில் நிலையாகப் பொருத்தப்படும் கேஸ், டீசல் ஹீட்டர்களில் எரிதல் மூடிய அறைக்குள் நடக்கிறது. புகையும் நீராவியும் குழாய் வழியே வெளியேறிவிட, சூடு மட்டும் உள்ளே வரும். புகைக்குழாய் இல்லாத கையடக்க ஹீட்டரும் வினையூக்கி ஹீட்டரும் அப்படியல்ல, எரிந்ததெல்லாம் அறைக்குள்ளேயே. ஒரு கிலோவாட் வெப்பம் தரும் அத்தகைய ஹீட்டர் மணிக்குச் சுமார் 125 கிராம் நீரை அறைக்குள் விடும். தூங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு வெளிவிடுவது 40 முதல் 50 கிராம். ஆகவே அந்த ஹீட்டர், ஈரக் கணக்கில், கூடுதலாக இரண்டரை முதல் மூன்று ஆட்களைப் படுக்க வைத்ததற்கு ஒப்பாகும். அதைப் போட்டுக்கொண்டு ஜன்னல் நனைகிறதே என்று வருந்துவதில் பொருளில்லை. கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. அது ஒன்றே இவற்றை உறங்கும் இடத்தில் தவிர்க்கப் போதிய காரணம்.

ஆனால் இந்த விடைக்கு ஒரு கடைசி எல்லை உண்டு. சமையலை வெளியே வைத்துக்கொள்ளலாம். மூச்சை வெளியே வைக்க முடியாது. இருவர் எட்டு மணி நேரம் உறங்கினாலே முக்கால் லிட்டர் வரை நீர் காற்றில் சேரும். சிக்கனத்தால் அதைத் தொட முடியாது.

இரண்டாம் விடை: காற்றை மாற்று

குடியிருப்புக் காற்றை எவ்வளவு மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு எண்ணால் விடை சொல்லத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் மியூனிக் நகர மருத்துவ அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். கார்பன் டை ஆக்சைடு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அறைக்காற்று கெட்டுவிட்டது என்று கொள்ளலாம் என அவர் 1858இல் முன்வைத்த அளவுகோல் இன்றும் பயனில் இருக்கிறது. சுவரின் வழியாகவும் வீடு மூச்சுவிடுகிறது என்று அவர் நம்பியது பின்னர் நிலைக்கவில்லை. கேரவன் விஷயத்தில் அந்த நம்பிக்கைக்கு இடமேயில்லை. தகடும் கண்ணாடியிழையும் பிளாஸ்டிக்கும் கொண்ட சுவரில் ஆவி புகுந்து வெளியேற வழி மிகக் குறைவு. ஆகவே திறப்பு வைத்தே ஆகவேண்டும். ஐரோப்பாவின் இ.என். 721 தரம் இந்த வண்டிகளில் பாதுகாப்புக்கான நிலையான காற்றுத் திறப்புகளைக் கட்டாயமாக்குகிறது. அமெரிக்க வண்டிகளின் கூரையில் 14 அங்குலச் சதுரத் திறப்பு வழக்கமான அளவு. அதில் 12 வோல்ட் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்துவதும் பரவலான பழக்கம்.

இதன் பலவீனமாக இரண்டு சொல்லப்படுகின்றன. குளிர்காற்று வருகிறது என்று திறப்புகளைத் துணி திணித்தோ டேப் ஒட்டியோ அடைத்துவிடுகிறார்கள் என்பது ஒன்று. இது விடையின் குறையாகாது. ஆனாலும் நடைமுறையில் அதன் தோல்வி பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. மற்றொன்று கனமானது: வெளிக்காற்றே ஈரமாக இருந்தால் அதை உள்ளே விட்டு என்ன பயன்? பிரிட்டனின் கடற்கரையிலும் அமெரிக்காவின் வடமேற்கிலும் 10 டிகிரியில் மழை தூறும் குளிர்கால நாட்கள் ஏராளம். அந்தக் காற்றில், 20 டிகிரியில் 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள அறைக்காற்றில் இருக்கும் அதே அளவு நீராவி ஏற்கெனவே இருக்கும். இதற்கான பதிலைக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம்.

மூன்றாம் விடை: பரப்பைச் சூடாக வை

இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே காற்றைச் சிறைவைக்கும் எண்ணத்துக்கு நியூயார்க்கின் தாமஸ் ஸ்டெட்சன் 1865இலேயே காப்புரிமை பெற்றார். வண்டிகளில் அது இரு கண்டங்களில் இரு விதமாகச் சென்றது. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் இரட்டை அக்ரிலிக் ஜன்னலுக்கு மாறினார்கள். எடை குறைவு என்பதோடு, கண்ணாடி கடத்தும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கையே அக்ரிலிக் கடத்தும். அமெரிக்க வண்டிகளில் அலுமினியச் சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி என்பதே நெடுங்காலம் பொது வழக்காக இருந்தது. அலுமினியம் கண்ணாடியைவிட நூறு மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்துவதால், அத்தகைய ஜன்னலில் சட்டமே பல சமயம் முதலில் நனைகிறது.

வேறுபாடு எவ்வளவு? வெளியே 0, உள்ளே 20 டிகிரி என்று கொண்டால் ஒற்றைக் கண்ணாடியின் உள்பரப்பு சுமார் 5 டிகிரியிலும், இரட்டைப் பலகையின் உள்பரப்பு சுமார் 13 டிகிரியிலும் நிற்கும். முதலாவதில் அறையின் ஒப்பு ஈரப்பதம் 38 விழுக்காட்டைத் தாண்டினாலே நீர் பூக்கும். இரண்டாவதில் 62 விழுக்காடு வரை பூக்காது.

ஐரோப்பாவிலும் முன்கண்ணாடி ஒற்றைதான். அங்கே வெப்பத் திரை பயன்படுகிறது. இதில்தான் ஒரு நுட்பம் பலருக்குத் தப்பிப்போகிறது. வெள்ளித் தாள் ஒட்டிய திரையை உறிஞ்சு குமிழ்களால் உள்பக்கம் ஒட்டினால், அறையின் சூடு கண்ணாடியை எட்டாது. கண்ணாடி முன்னைவிடக் குளிரும். ஆனால் திரையின் ஓரங்கள் காற்றுப் புகாதபடி பொருந்துவதில்லை. நீராவி அந்த இடுக்கு வழியே நுழைந்து, குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, காலையில் திரையை உரிக்கும்போது டேஷ்போர்டு மேல் கொட்டும். கடுங்குளிரில் அது உறைபனியாகவே ஒட்டியிருக்கும். அதே திரையை வெளிப்பக்கம் போர்த்தினால் கண்ணாடி சூடான பக்கத்தில் நிற்கும். நீர் வெகுவாகக் குறையும். பொருள் ஒன்றுதான், வைக்கும் இடம் விளைவைத் தலைகீழாக்குகிறது. இரவில் இழுத்து மூடும் தடித்த திரைச்சீலையும் உள்பக்கத் திரையைப் போலவே நடந்துகொள்ளும்.

இந்த விடையின் பலவீனம் அதன் வெற்றியிலேயே இருக்கிறது. ஜன்னல் நனையவில்லை என்றால் ஈரம் போய்விட்டது என்று பொருளில்லை. அடுத்த குளிர்ந்த பரப்பைத் தேடி அது செல்லக்கூடும்: மெத்தையின் அடிப்பகுதி, அலமாரியின் பின்சுவர், வேனின் இரும்பு விலா. பூசணம் வளர நீர் சொட்ட வேண்டியதில்லை. பரப்பை ஒட்டிய காற்றில் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டில் நீடித்தாலே போதும் என்பது கட்டட இயற்பியலில் வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் எல்லை. ஐரோப்பாவின் இ.என். 1646 தரத்தில் உயர்ந்த குளிர்கால வகுப்பு, -15 டிகிரியில் குளிர்ந்த மோட்டார்ஹோமை நான்கு மணி நேரத்துக்குள் 20 டிகிரிக்குச் சூடாக்க முடிகிறதா என்று பார்க்கிறது. அது சூட்டுக்கான சோதனை. உள்ளே இருவர் ஒரு வாரம் வாழ்ந்தால் மெத்தைக்கு அடியில் என்ன நடக்கும் என்பது அதன் கேள்வி அல்ல.

நான்காம் விடை: ஈரத்தை உறிஞ்சு

கடையில் எளிதில் கிடைப்பது கால்சியம் குளோரைடு டப்பா. அந்த உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைசலாக அடியில் சொட்டவிடும். ஆனால் மிக மெதுவாக. குளிர்காலம் முழுக்கப் பூட்டி நிறுத்திய வண்டிக்கு அது பொருந்தும். இருவர் ஒரே இரவில் முக்கால் லிட்டர் வெளிவிடும் இடத்தில் அதன் பங்கு சொற்பம். பெல்டியர் தகடு கொண்ட சிறு மின்கருவிகளின் நிலையும் ஏறக்குறைய இதுதான். அறை குளிரக் குளிர அவை இன்னும் தளரும்.

கம்ப்ரசர் கொண்ட கருவி வேறு ரகம். அது நாளொன்றுக்கு லிட்டர் கணக்கில் நீர் எடுக்கும். ஒரு கிலோ ஆவி நீராகும்போது ஏறக்குறைய 0.7 கிலோவாட்-மணி வெப்பம் அறைக்கே திரும்புவதால், மின்சாரம் வீணாவதும் இல்லை. மின் இணைப்புள்ள முகாமில் நெடுநாள் தங்குவோருக்கு இது நியாயமான தெரிவு. குளிர்ந்த அறையில் அதன் சுருளில் பனி உறைந்து திறன் குறையும். அங்கே ஈரம் உறிஞ்சும் பொருளைச் சுழற்றும் வகை மேலானது, ஆனால் அது சில நூறு வாட் மின்சாரம் கேட்கும். பேட்டரியை நம்பி வனப்பகுதியில் நிற்கும் வேனுக்கு இரண்டும் எட்டாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இவை நீரை எடுக்குமே தவிர மூச்சுக்காற்றைப் புதுப்பிக்காது.

ஒரே கணக்கில் நான்கும்

உறங்கும் இருவர் மணிக்கு 90 கிராம் நீரை வெளிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 0 டிகிரி, 90 விழுக்காடு ஈரப்பதம். உள்ளே 20 டிகிரி. ஒற்றைக் கண்ணாடி நனையாமலிருக்க மணிக்குச் சுமார் 36 கன மீட்டர் காற்று மாற வேண்டும். இரட்டை ஜன்னலானால் 13 கன மீட்டர் போதும். நல்ல ஜன்னல் காற்றோட்டத் தேவையை மூன்றில் ஒரு பங்காக்கிவிடுகிறது. இரட்டைக் கண்ணாடிக் கட்சியின் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் பெட்டன்கோஃபரின் அளவுகோலை அதே அறையில் வைத்தால் நிலை மாறுகிறது. தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 13 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். இருவர் இருக்கும் அறையில் அது ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருக்க மணிக்கு ஏறக்குறைய 45 கன மீட்டர் புதுக்காற்று தேவை. 13 கன மீட்டரோடு நிறுத்திக்கொண்டால் ஜன்னல் உலர்ந்திருக்கும். காற்றோ அந்த எல்லையைப்போல இரு மடங்குக்கும் மேல் கெட்டிருக்கும். மறுபுறம், மூச்சுக்காக 45 கன மீட்டர் விடுபவரின் வண்டியில், இந்த வானிலையில், ஒற்றைக் கண்ணாடியே நனையாது. உள்ளே இருப்பவர்களுக்கு எப்படியும் தேவைப்படும் காற்று, மிதமான குளிரில் ஜன்னலையும் காத்துவிடுகிறது. காற்றோட்டத்தை முதலில் வைப்பதற்கான அடிப்படை இதுவே.

இதற்கு எழும் முதல் மறுப்பு, சூடு வீணாகிறது என்பது. 45 கன மீட்டர் காற்றை 0 டிகிரியிலிருந்து 20க்குச் சூடாக்கச் சுமார் 300 வாட் வேண்டும். வேன்களில் பொருத்தப்படும் சிறிய டீசல் ஹீட்டரே 2 கிலோவாட் தரக்கூடியது. செலவு உண்டு, தாங்க முடியாத செலவு என்று சொல்ல முடியாது. இரண்டாவது, முன்னே ஒத்திவைத்த மறுப்பு: ஈரமான வெளிக்காற்று. வெளியே 10 டிகிரியில் 95 விழுக்காடு ஈரம் என்றால், கண்ணாடியும் அதற்கேற்பச் சூடாக, 12 டிகிரிக்கு மேல் இருக்கும். அறைக்காற்று இன்னும் கொஞ்சம் ஈரத்தைத் தாங்கலாம். கணக்கிட்டால் ஒற்றைக் கண்ணாடிக்கு மணிக்குச் சுமார் 42 கன மீட்டர் வருகிறது. மூச்சுக்கு வேண்டிய அளவை அது தாண்டவில்லை. ஆக, ஈரநாட்டுக் குளிர்காலத்திலும் காற்றோட்டம் வேலை செய்கிறது; ஆனால் ஹீட்டர் ஓடினால் மட்டும். உள்ளேயும் 10 டிகிரி என்றால் காற்றை மாற்றி உலர்த்த வழியில்லை.

இதிலிருந்து மூன்றாவது மறுப்பு பிறக்கிறது: உறங்கும்போது யாரும் 20 டிகிரி வைத்துக்கொள்வதில்லையே? உண்மை. ஹீட்டரைக் குறைத்து உள்ளே 12 டிகிரி ஆக்கினால், வெளியே 0 டிகிரியில், ஒற்றைக் கண்ணாடிக்கான தேவை 36இலிருந்து ஏறக்குறைய 55 கன மீட்டராக உயர்கிறது. சூட்டைச் சேமிக்க ஹீட்டரை அணைத்து, அதே காரணத்துக்காகத் திறப்பையும் அடைப்பவர் இரு பக்கமும் இழக்கிறார். கடுங்குளிரிலும் இப்படித்தான்: -15 டிகிரியில் ஒற்றைக் கண்ணாடியின் உள்பரப்பே உறைநிலைக்குக் கீழே போய்விடும். அங்கே நல்ல ஜன்னலும் வெளித்திரையும் இல்லாமல் காற்றோட்டம் மட்டும் சமாளிப்பது கடினம். இந்த எண்களெல்லாம் கண்ணாடியின் நடுப்பகுதிக்கானவை என்பதையும் மறக்கக்கூடாது. சட்டமும் மூலையும் இன்னும் குளிர்ந்திருக்கும் என்பதால் இவற்றைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்வதே முறை.

நான்காவது மறுப்பு சுவையானது. ஒற்றைக் கண்ணாடியே ஓர் இலவச ஈரம் உறிஞ்சி. ஈரத்தை அங்கே படியவிட்டுக் காலையில் வழித்து வெளியே ஊற்றிவிட்டால் போயிற்று என்பது அது. ஊற்றிய நீர் வண்டியை விட்டு நீங்குவது உண்மை என்பதால் இதை எளிதில் தள்ள முடியாது. ஆனால் கண்ணாடியில் நீர் பூக்கும் அளவுக்கு ஈரமான காற்று, சுற்றியுள்ள மற்றப் பரப்புகளையும் இரவு முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மெத்தையின் அடியை வழித்து ஊற்ற முடியாது. துடைக்கத் தவறிய ஒரு நாள், அந்த நீர் வெயிலில் மீண்டும் ஆவியாகி உள்ளேயே சுற்றும்.

இன்னும் தீராதவை

சுவருக்குள் நடப்பதே மிகவும் தீராத பகுதி. அமெரிக்காவில் 1930களின் இறுதியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ரௌலி செய்த ஆய்வுகள் வீட்டுச் சுவரின் உள்பக்கத்தில் நீராவித் தடுப்புப் படலம் வேண்டும் என்ற கொள்கைக்கு வழிவகுத்தன. பின்னர் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த கட்டட ஆய்வாளர்கள், பொருளின் ஊடே ஊடுருவும் ஆவியைவிட இடுக்குகள் வழியே கசியும் காற்று பன்மடங்கு ஈரத்தைச் சுமக்கும் என்று வலியுறுத்தினார்கள். வேனை வீடாக மாற்றுவோர் நடுவே அதே விவாதம் இன்று தொடர்கிறது: படலம் ஒட்டுவதா, விடுவதா, நுரையைத் தெளித்து இடைவெளியையே ஒழிப்பதா. திருகு துளைகளும் கம்பி வழிகளும் நிறைந்த வேன் சுவரில் படலத்தை முழுமையாக மூடுவது அரிது என்பதால் கனடியர்களின் எச்சரிக்கை இங்கே கூடுதலாகப் பொருந்தக்கூடும். ஆயினும் வீட்டில் கிடைத்த முடிவை, ஓடும்போது அதிர்ந்தும் நின்றபின் வெயிலில் கொதித்தும் கிடக்கும் இரும்புப் பெட்டிக்கு அப்படியே நீட்டுவதில் எச்சரிக்கை தேவை.

வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் காற்றுக்குக் கொடுக்கும் வெப்ப மீட்பு விசிறியும் தீராத கேள்விதான். சேமிக்கக்கூடியதே சில நூறு வாட் என்றால், கருவியின் விலை, இடம், இரைச்சல் ஆகியவற்றோடு ஒப்பிடும்போது லாபம் ஆர்க்டிக் குளிரில்தான் தெளிவாகத் தெரியும். ஈரப்பதத்தை உணர்ந்து தானே வேகம் மாற்றும் கூரை விசிறி அதைவிட நம்பிக்கை தருகிறது. ஆனால் வெளிக்காற்றின் ஈரத்தையும் பரப்பின் சூட்டையும் சேர்த்து அளக்காத கருவி தவறான வேளையில் சுழலவோ நிற்கவோ வாய்ப்புண்டு.

இவற்றை விலக்கிப் பார்த்தால், வரிசை ஓரளவு உறுதியாகவே நிற்கிறது. புகைக்குழாய் இல்லாத ஹீட்டரை விலக்குவது முதல் படி. செலவில்லாத படியும் அதுவே. உறங்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் காற்றை மாற்றுவதும், அப்போது மிதமான சூட்டை விடாமல் வைத்திருப்பதும் அடுத்தது, இவ்விரண்டையும் பிரிக்கலாகாது. இரட்டை ஜன்னலும் வெளித்திரையும் குளிர் கடுமையாகும்போது இன்றியமையாதவை ஆகின்றன. உறிஞ்சும் கருவி, மின் இணைப்பு உள்ள இடத்தில் நல்ல துணை. எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை பேருடன் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றின் பங்கும் கூடும், குறையும். ஜன்னல் உலர்ந்துவிட்டதை மட்டும் வைத்து வெற்றியை அளக்காமல், மெத்தையைத் தூக்கி அடியில் தொட்டுப் பார்ப்பதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானியைக் கவனிப்பதும் இப்போதைக்கு எந்தக் கொள்கையையும்விட நம்பத்தக்க சோதனைகள்.